வளைந்த விரல்களின் வரலாறு

(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி)

கூடல் மாநகருக்குப் புகழ் சேர்த்தோர் பலர். அவர்களுள் கண்ணொளி வழங்கியவர் என்று மதுரை மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கும் பெயர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அன்னாரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தை தையற்காரர். புதுமண்டபத்தில் பல ஆண்டுகள் மிஷின் போட்டுத் தைத்தவர். அவருடைய 41-ஆம் வயதில் வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. பின்னர்ச் சட்டைப் பொத்தான் போடவும் அடுத்தவர் கை வேண்டியதாயிற்று. வாசற்படியருகே வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். மருத்துவர் அதனைப் பார்க்கின்சன் நோய் என்றார். நடுக்குவாதம் என்று தமிழிற் சொல்வர். 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைவதால் வருவது இது. முதுமை நோய் என்றே பலரும் எண்ணுகிறோம். சிலருக்கு 50 வயதிற்கு முன்பே வந்துவிடுகிறது. மாத்திரையால் கை கால்கள் சிறிது நேரம் இளகும். நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை.

வீட்டுக்கு வந்த உறவினர் யாவரும் அப்பாவுக்கு ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். விரலெல்லாம் வளைந்துபோன கண் டாக்டரே இலட்சம் பேருக்கு ஆபரேஷன் செய்தார், நீ ஏன் மனம் தளர்கிறாய் என்பார்கள். அப்பா மறுமொழி சொல்லமாட்டார். ஒரு நாள் மட்டும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். நான் அருகிற்சென்று அமர்ந்தபோது, அவர் செய்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்படிச் செய்தார் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடியே நான் அப்பெருமகனாரின் வாழ்க்கையைப் படித்தேன்.

வெங்கடசாமி 1918 அக்டோபர் முதல் நாள், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்திற் பிறந்தார். தாளும் பென்சிலும் இல்லாத பள்ளியில் மணலில் எழுதிப் பழகினார். இளமையிலேயே உறவுப் பெண்கள் மூவரைப் பேறுகாலத்தில் இழந்தார். அத்துயரமே தாய்மாரைக் காக்கும் மருத்துவராக வேண்டும் என்ற உறுதியை அவருள் விதைத்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்றார். அவரும் என்னைப் போல் வேதியியல் மாணவரே என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இராணுவ மருத்துவப் பணியிற் சேர்ந்தார்.

விதி அங்கேதான் குறுக்கிட்டது. முடக்குவாதம் அவரைத் தாக்கியது. உடலின் காப்பாற்றலே மூட்டுகளைப் பகைத்து அழிக்கும் நோய் அது. 1948-இல், 30 வயதில், இராணுவப் பணி முடிந்தது. ஓராண்டுக்கு மேல் மருத்துவமனைப் படுக்கையே உலகமாயிற்று. நிற்க முடியவில்லை, பேனா பிடிக்கவும் முடியவில்லை. விரல்கள் நிரந்தரமாக வளைந்து போயின. பிள்ளைப்பேறு பார்க்கும் வலிமை அக்கைகளுக்கு இனி வாராது என்பது தெளிவாயிற்று.

இவ்விடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிந்தித்தேன். அவர் தம் நோயை வென்றுவிடவில்லை. சிறுவயது முதல் கண்ட கனவை அவர் கைவிட நேர்ந்தது. விட்டபின்பு, இந்தக் கைகளால் என்ன செய்யலாம் என்று கேட்டார். கண் மருத்துவம் கற்கப் புகுந்தார். 1951-இல் பட்டயமும் 1954-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். மெல்ல மெல்ல எழுதப் பழகினார். அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். விரல்கள் கருவிக்கு ஏற்றபடி வளையாதபோது, தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வகுத்துக்கொண்டார். ஒரு மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடக்கூடிய வேலை அது என்பதை நினைத்தால், அப்பயிற்சியின் அருமை விளங்கும்.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், இன்று இராசாசி மருத்துவமனை எனப்படும் அன்றைய எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்று, 20 ஆண்டுகள் பணியாற்றினார். நகரத்திற்கு வர இயலாத ஏழையரைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்று கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1976-இல் ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோர் துணையுடன் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தரக்கூடியவர் தருவதைக்கொண்டு தரவியலாதவருக்கும் சிகிச்சை என்பதே அதன் கொள்கை. 1992-இல் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை மதுரையிலேயே குறைந்த விலையில் செய்யும் ஆரோலேப் தோன்றியது.

அங்கு வேலை நடந்த முறையையும் சொல்லவேண்டும். அறுவை அரங்கில் மேசைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே, கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் அடுத்தவரை ஆயத்தம் செய்துவிடுவார்கள். மருத்துவர் தாம் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்து அடுத்த மேசைக்குத் திரும்புவார். அவ்வளைந்த விரல்கள் ஒரே நாளில் 100 அறுவைகள் வரை செய்ததுண்டு; வாழ்நாளில் இலட்சத்துக்கும் மேல் என்பர். 2006 ஜூலை 7 அன்று, 87-ஆம் வயதில் மதுரையில் அவர் மறைந்தார். அதுவரை விரல்கள் நிமிரவேயில்லை.

இவற்றையெல்லாம் ஒரு மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். கருவியை மாற்றிக்கொண்டாரா என்பது ஒன்று. பக்கத்தில் ஆள் இருந்தார்களா என்பது மற்றொன்று. ஆம் என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

அப்பாவின் நோய் வேறு, டாக்டரின் நோய் வேறு. முடக்குவாதத்தில் வளைந்த விரல் வளைந்தபடியே நிற்கும். நடுங்கும் கையோ சொன்ன இடத்தில் நிற்காது. ஆகவே இவரைப்போல் அவரும் என்று அளவிடுவது அறியாமை. ஆயினும் எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் வந்துள்ளன. காலை மாத்திரை வேலை செய்யும் இரண்டு மணி நேரத்தில் அப்பா துணியில் அளவு குறித்து வெட்டுகிறார். மற்ற நேரத்தில் அம்மா தைக்கிறார். காஜாவும் பொத்தானும் என் பங்கு. அவர் சட்டைகளில் பொத்தானுக்குப் பதிலாக ஒட்டுப் பட்டை தைத்திருக்கிறோம். காபி பாதி டம்ளர்தான். வாசற்படியருகே அப்பத்தா சுண்ணாம்புக் கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டுவைத்திருக்கிறார். அக்கோடுகளைத் தாண்டுவதாக நினைத்தால் நின்ற கால் நகர்கிறது. சில நாட்களில் இவை ஒன்றும் பயன்படுவதில்லை. அன்று கத்தரிக்கோல் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமைக்கும் இடுக்கணழியாமைக்கும் அடுத்தடுத்து அதிகாரம் வகுத்தார். அவற்றை மேடையில் முழங்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. நோயுற்றவர்முன் ஒரு பெரியாரின் பெயரைச் சாட்டைபோல் வீசாதீர்கள். அப்பெரியார் எதை விட்டார், எதை மாற்றினார், யார் துணையைப் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் தந்தை திண்ணையில் அமர்ந்து கேட்டது அதைத்தான்.