புயல் கூண்டு ஏற்றவைத்த கப்பல் கேப்டன்: வானிலை முன்னறிவிப்பு சொன்னதற்காகக் கிண்டலடிக்கப்பட்ட ராபர்ட் ஃபிட்ஸ்ராய் யார்?

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் போதும். சென்னை, கடலூர், நாகை துறைமுகங்களில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்னு டிவி திரையின் கீழே ஒரு வரி ஓட ஆரம்பித்துவிடும். பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும் கம்பத்தில் ஏறும். இந்தியத் துறைமுகங்களில் இந்த எண் 11 வரைக்கும் இருக்கிறது.

கம்பத்தில் கூம்பையும் உருளையையும் தொங்கவிட்டு, கடலுக்குப் போகாதீங்க என்று சொல்லும் இந்த வழியை 160 ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டன் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினைக் கூட்டிக்கொண்டு உலகைச் சுற்றிய கப்பலின் கேப்டன் என்றுதான் பலருக்கும் இவரைத் தெரியும். ஆனால், இவர் செய்த பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

23 வயதில் கேப்டன்

1805 ஜூலை 5-ம் தேதி இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பிரபுக்கள் குடும்பம் ஒன்றில் பிறந்தார் ஃபிட்ஸ்ராய். 12 வயதிலேயே கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1828-ல் 'பீகிள்' என்ற ஆய்வுக் கப்பலின் பொறுப்பு அவரிடம் வந்தபோது வயது வெறும் 23. தென் அமெரிக்காவின் கடுங்குளிர் கடலில், தனிமையும் மன அழுத்தமும் தாங்காமல் அந்தக் கப்பலின் முந்தைய கேப்டன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குத்தான் இவர் போனார்.

பொறுப்பேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 1829 ஜனவரியில் உருகுவே கரைக்கு அருகே திடீர்ச் சூறைக்காற்று கப்பலைப் புரட்டிப்போடப் பார்த்தது. காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் முன்கூட்டியே இறங்கியிருந்தது. அதை அவர் போதிய அளவு கவனிக்கவில்லை. மாலுமிகள் 2 பேர் இறந்துபோனார்கள். பாரோமீட்டர் இறங்கினால் அதை அலட்சியம் செய்யக்கூடாது என்ற பாடம் அவருக்குள் ஆழமாகப் பதிந்தது.

டார்வினுடன் 5 ஆண்டு

1831 டிசம்பர் 27-ல் பீகிள் மறுபடியும் புறப்பட்டது. நீண்ட பயணத்தில் பேச்சுத்துணைக்குப் படித்தவர் ஒருவர் வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் விரும்பினார். அப்படித்தான் 22 வயது சார்லஸ் டார்வின் கப்பலில் ஏறினார். 1836 அக்டோபரில் கப்பல் திரும்பியது. இன்றைக்கும் காற்றின் வலிமையைச் சொல்லப் பயன்படும் பியூஃபோர்ட் அளவுகோல் அதிகாரபூர்வமாக முதலில் பயன்பட்டது இந்தப் பயணத்தில்தான்.

பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1843-ல் நியூசிலாந்து ஆளுநராகப் போனார். அங்கே நிலப் பிரச்னையில் மவோரி மக்களின் உரிமையையும் மதிக்க வேண்டும் என்று நின்றதால், குடியேறிய பிரிட்டிஷாரின் கோபத்துக்கு ஆளானார். 2 ஆண்டுகளில் திரும்ப அழைக்கப்பட்டார்.

சின்ன ஆபீஸ், பெரிய வேலை

1854-ல் பிரிட்டன் அரசு வானிலைக்காக ஒரு சிறிய துறையைத் தொடங்கி, ஃபிட்ஸ்ராயைத் தலைவராக்கியது. இன்றைய பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் தொடக்கம் அதுதான். கொடுத்த வேலை என்னவோ கணக்குப்பிள்ளை வேலை: கப்பல்கள் கொண்டுவரும் காற்று, அழுத்தம், வெப்பநிலைக் குறிப்புகளைத் தொகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மீன்பிடித் துறைமுகங்களில் பாரோமீட்டர்கள் வைக்க ஏற்பாடு செய்தார். கடலுக்குப் போகும் முன் மீனவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் எண்ணம்.

800 உயிர்களைக் குடித்த புயல்

1859 அக்டோபர் 25, 26 தேதிகளில் ஐரிஷ் கடலில் பெரும்புயல் வீசியது. லிவர்பூல் துறைமுகப் பகுதியில் மணிக்கு சுமார் 160 கி.மீ. வேகம். அங்கே அதுவரை பதிவானதிலேயே அதுதான் அதிகம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்து தங்கச் சுரங்கத் தொழிலாளர்களோடு வந்துகொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' கப்பல், லிவர்பூலை நெருங்கிய நேரத்தில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுப் பாறைகளில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் பலி. அந்த ஒரே புயலில் 133 கப்பல்கள் மூழ்கின. மொத்தம் சுமார் 800 பேர் உயிரிழந்தனர்.

பல ஊர்களில் ஒரே நேரத்தில் எடுத்த அளவீடுகளைச் சேகரித்து, ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்த்தார் ஃபிட்ஸ்ராய். புயல் எங்கே தொடங்கி எப்படி நகர்ந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. புயல் ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போக மணிக்கணக்கில் ஆகும். தந்திக்கு நிமிடங்கள் போதும். அப்படியென்றால் புயலை முந்திக்கொண்டு எச்சரிக்கையை அனுப்பிவிடலாமே!

'ஃபோர்காஸ்ட்' பிறந்த கதை

சுமார் 15 கடலோர நிலையங்களில் இருந்து தினமும் தந்தியில் தகவல் வரும்படி ஏற்பாடு ஆனது. 1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கைகள் தொடங்கின. கூம்பின் முனை மேலே இருந்தால் வடக்குத் திசைக் காற்று, கீழே இருந்தால் தெற்குத் திசைக் காற்று. உருளையும் கூம்பும் சேர்ந்து தொங்கினால் பேராபத்து. படிக்கத் தெரியாத படகுக்காரருக்கும் தூரத்தில் இருந்து பார்த்தாலே புரிந்துவிடும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ல் லண்டனின் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பு வெளியானது. இது ஜோசியமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை, அளவீடுகளை வைத்துச் சொல்லும் கணிப்பு என்பதைக் காட்டவே 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்தார். கடல் கடக்கும் முன் வானிலை எப்படி இருக்கும்னு கேட்க, விக்டோரியா மகாராணியே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

பலிக்காத நாள்தான் கண்ணில் பட்டது

பிரச்னை எங்கே வந்தது? பிரிட்டனைத் தாக்கும் புயல்களில் பெரும்பாலானவை மேற்கே அட்லாண்டிக் கடலில் இருந்து வருபவை. அங்கே அளவீடு எடுக்க ஆளே கிடையாது. இருந்த கொஞ்சத் தகவலையும் அனுபவத்தையும் வைத்துத்தான் கணிக்க வேண்டியிருந்தது. அதனால் பல நாள் கணிப்பு தப்பியது.

பத்திரிகைகள் கிண்டலடித்தன. இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் சிலர் கேட்டார்கள். கூண்டு ஏறினால் படகு கரையிலேயே நிற்கிறது, வருமானம் போகிறது என்று படகு முதலாளிகள் சிலர் கடுப்பானார்கள். கணிப்பு தப்பிய நாள் எல்லோருக்கும் தெரிந்தது. கூண்டைப் பார்த்துக் கரையிலேயே நின்று பிழைத்தவர்களின் கணக்கை எடுக்க வழியே இல்லை. நடக்காத விபத்து செய்தியாகாதே!

உடல்நலம் கெட்டது, காதும் மந்தமானது. பொதுப் பணிக்குச் சொந்தப் பணத்தைப் போட்டுப் போட்டுச் சொத்தும் கரைந்துவிட்டது. மன அழுத்தம் அவரைப் பலகாலமாகத் துரத்திக்கொண்டிருந்தது. 1865 ஏப்ரல் 30-ம் தேதி, 59 வயதில், ஃபிட்ஸ்ராய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தவித்து நின்ற குடும்பத்துக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

(மனச்சோர்வு சிகிச்சையால் சரிசெய்யக் கூடியது. உதவி தேவைப்பட்டால் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைக்கலாம்.)

எச்சரிக்கையை நிறுத்தினார்கள், அப்புறம்?

அவர் இறந்த பிறகு ஒரு விசாரணைக் குழு அமைந்தது. கணிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று 1866-ல் அறிக்கை கொடுத்தது. தினசரி முன்னறிவிப்பு நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது.

அப்போதுதான் அதன் அருமை தெரிந்தது. கூண்டு இல்லாத கம்பத்தைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போக வேண்டியிருந்தவர்களும் துறைமுகங்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விளைவு, 1867-லேயே புயல் எச்சரிக்கை திரும்ப வந்தது. தினசரி முன்னறிவிப்பு வர 1879 வரை ஆனது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கி ஆயிரக்கணக்கானோர் பலியான பிறகு, ஃபிட்ஸ்ராய் இறந்த அதே 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை சேவை தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானதே 10 ஆண்டு கழித்து, 1875-ல்தான்.

2002-ல் பிரிட்டன், தன் கடல் வானிலை அறிக்கையில் வரும் ஒரு கடற்பகுதிக்கு 'ஃபிட்ஸ்ராய்' என்று பெயர் வைத்தது. அந்த அறிக்கையில் ஒரு மனிதரின் பெயர் தாங்கிய ஒரே பகுதி அது. இன்றைக்கும் வானொலியில் கப்பல்களுக்கான அறிக்கை வாசிக்கும்போது அந்தப் பெயர் ஒலிக்கிறது.

இப்போது செயற்கைக்கோள், ரேடார், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் கனமழை எச்சரிக்கை கொடுத்து மழை வரலைன்னா, உடனே மீம்ஸ் பறக்கும். லீவு விட்டது வேஸ்ட் என்போம். மழை வராததால் நமக்குப் போனது ஒரு நாள். எச்சரிக்கையே இல்லாமல் மழை வந்தால் என்ன போகும் என்பதை ராயல் சார்ட்டர் கப்பலில் வந்தவர்களின் குடும்பங்கள் அறிந்திருந்தன.