கணித மேதை மகாவீராசாரியர்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூடப் பேரரசர் அமோகவர்ஷ நிருபதுங்கரின் ஆட்சிக்காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்தவர் மகாவீராசாரியர். ஆதிபுராணம் அருளிய ஜினசேனாசாரியரைப் போற்றிய அதே மன்னர்தாம் இவ்வமோகவர்ஷர். ஏறத்தாழ 850ஆம் ஆண்டில் ஆசாரியர் கணித சார சங்கிரகம் என்னும் நூலை வடமொழிச் செய்யுளில் இயற்றினார். அக்காலத்தார் கணக்கை வானநூலின் ஓர் உறுப்பாக எழுதிவந்தனர். இவரோ கணக்கை மட்டுமே தனி நூலாக்கினார். சமையல், மருத்துவம், வாணிகம், இசை என எங்கும் கணக்கின் ஆட்சியைக் கண்டவர் அவர்.

அந்நூலுள் என்னை மிகவும் கவர்ந்தது சேர்க்கைக் கணக்கு. அறுசுவைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று வினவுகின்றார். கல்வராயன் மலைக் கடுக்காயின் துவர்ப்பையும் தேனின் இனிப்பையும் அறிந்த நம் பெண்மணிகளுக்கு இது அடுக்களைக் கணக்கே. ஆறனுள் இரண்டைத் தெரிய, ஆறையும் ஐந்தையும் பெருக்கி, ஒன்றும் இரண்டும் பெருக்கியதால் வகுக்க வேண்டும்; விடை 15. மூன்றைத் தெரிந்தால் 20. ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் கூட்டினால் 63. இதனை எத்தனை பொருளுக்கும் பொருந்தும் பொதுவிதியாகவே அவர் வகுத்தார். ஐரோப்பாவில் எரிகோன் என்பார் இவ்விதியை வெளியிட்டது 1634இல்.

சப்த வியசனங்களுள் முதலாவது சூது. ஆயினும் சூதின் பொய்ந்நம்பிக்கையை உடைப்பதற்கும் இவ்விதியே கருவி. நான்கு பகடைகளை ஒருங்கே உருட்டினால் விளைவுகள் 1296. அவற்றுள் சரியாக இரண்டில் ஆறு விழுவது எத்தனை? நான்கனுள் இரண்டைத் தெரியும் வழிகள் 6, எஞ்சிய இரண்டும் ஆறல்லாது விழும் வழிகள் 25, பெருக்க 150. மூன்றில் விழுவது 20, நான்கிலும் விழுவது 1. ஆக, இரண்டேனும் விழுவது 171. நூற்றுக்குப் பதின்மூன்று முறையே! இக்காலப் பிள்ளைகள் பைத்தான் என்னும் கணினி மொழியில் சில வரிகள் எழுதி, நாற்பது பகடைக்கும் நொடியில் விடை காண்கின்றனர். காணட்டும், ஆனால் நான்கு பகடைக்கேனும் முதலில் கையால் போட்டுப் பார்த்தல் நன்று.

மறைகுறி எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதையும் ஆசாரியர் கூறினார். சுழியால் வகுத்தால் எண் மாறாது என்றது மட்டும் பிழை. அப்பிழையால் அவர் பெருமை குன்றாது.

பதினோராம் நூற்றாண்டிலேயே பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். பின்னர் ஏடுகளில் உறங்கிய மூலத்தை அச்சேற்றியவர் சென்னை மாநிலக் கல்லூரி வடமொழிப் பேராசிரியர் எம். ரங்காசாரியார். அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துப் பிரதிகளோடு மூடபிதிரியின் ஏட்டையும் ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தார். 1963இல் சோலாப்பூரிலிருந்து இந்தி மொழிபெயர்ப்பும், 2000இல் ஹொம்புஜ மடத்திலிருந்து கன்னட மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. திருநறுங்கொண்டை மலையேறி அப்பாண்டைநாதரைத் தொழும் நம் இளைஞருள் ஒருவர் இதனைத் தமிழில் தர முன்வரலாகாதா?