மருத்துவர் ஹண்டிங்டன்

ஒரே ஒரு கட்டுரையால் உலகில் அழியாப் பெயர் பெற்றோர் மிகச் சிலர். அவருள்ளும், இருபத்திரண்டு வயது நிரம்புமுன்பே அக்கட்டுரையைப் படித்து அரங்கேற்றிவிட்டுப் பிறகு வாழ்நாள் முழுதும் சிற்றூர் மருத்துவராகவே இருந்து மறைந்தவர் ஒருவர் உண்டு. அவரே ஜார்ஜ் ஹண்டிங்டன். இங்கே ஆராய்ச்சி மாணவர்களாய் இருக்கும் நம்மிற் பலர் அவ்வயதைக் கடந்துவிட்டோம் என்பதை எண்ணும்போது சற்று நாணமே உண்டாகிறது!

நியூயார்க் நகருக்குக் கிழக்கே கடலுள் நீண்டு கிடப்பது லாங் தீவு. அதன் கிழக்குக் கோடியை அடுத்த ஈஸ்ட் ஹாம்ப்டன் என்னும் ஊரில் 1850ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஹண்டிங்டன் பிறந்தார். தந்தையார் மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர். பாட்டனார் ஏபெல் ஹண்டிங்டன் 1797இலேயே அவ்வூரில் தொழில் தொடங்கியவர். ஆகவே ஊர்க் குடும்பங்களின் பிறப்பு, இறப்பு, நோய் நொடி யாவும் அவ்வீட்டாருக்கு மனப்பாடம். எந்த வீட்டுக்கு எந்த நோய் என்று நம் ஊர்ப் பாட்டிமார் விரல் மடக்கிச் சொல்வார்களே, அது போல. ஆனால் பாட்டிமார் சொல்லோடு விட்டுவிடுவர். இவர்களோ குறிப்பும் எழுதி வைத்தனர்.

சிறுவன் ஜார்ஜுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். நோயாளிகளைப் பார்க்கப் புறப்பட்ட தந்தையாருடன் அமகான்செட் என்னும் ஊரை நோக்கி, மரங்கள் அடர்ந்த பாதையில் போய்க்கொண்டிருந்தான். எதிரே தாயும் மகளுமாக இரண்டு பெண்கள் வந்தனர். இருவரும் நெடிய உருவம். எலும்பும் தோலுமான மேனி. உடல் தானாக வளைந்தது, முறுகியது, முகம் கோணியது. சிறுவன் வியந்தான்; அஞ்சினான். தந்தையாரோ நின்று, அவர்களோடு சில சொற்கள் பேசிவிட்டுப் பின்னரே மேலே சென்றார். அக்காட்சி தம் உள்ளத்தில் ஆழப் பதிந்து, தாம் மேற்கொண்ட ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று என்று முதுமையில் ஹண்டிங்டன் நினைவுகூர்ந்தார்.

1871இல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். தந்தை, பாட்டனாரின் அனுபவத்தைத் துணைக்கொண்டு கட்டுரையை வரைந்தார். தந்தையார் அதில் பென்சிலால் திருத்தங்கள் செய்தார். பின்பு ஒஹையோ மாநிலத்துப் பொமராய் நகரில் தொழில் செய்யச் சென்றவர், 1872 பிப்ரவரி 15 அன்று அண்டையிலுள்ள மிடில்போர்ட் நகரின் மருத்துவர் கூட்டத்தில் அதைப் படித்தார். ஏப்ரலில் அது பிலடெல்பியா மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று.

கட்டுரையின் பொருள் கொரியா என்னும் நோய். கிரேக்க மொழியில் நடனம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கட்டுரையின் பெரும்பகுதி குழந்தைகளுக்கு வரும் சாதாரணக் கொரியாவைப் பற்றியதே. இறுதியிற் சில பத்திகளில்தான் தம் ஊரிற் கண்ட பரம்பரை நோயை விவரித்தார். அதற்கு மூன்று இயல்புகள் கூறினார்: அது பரம்பரையாய் வருவது, சித்தக் கலக்கத்துக்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்வது, வயது வந்த பின்னரே கொடிய உருவில் தலைகாட்டுவது. இவற்றோடு இன்னொன்றும் சொன்னார். பெற்றோரிடமிருந்து ஒரு பிள்ளைக்கு இந்நோய் வராமற் போனால், அந்த இழை அங்கேயே அறுந்துவிடும். அவர் வழிவந்தோர்க்கு அது மீண்டும் வருவதில்லை. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்ட மரபு விதிகள் 1866இல் அச்சேறியும் உலகம் அவற்றை 1900 வரை கவனிக்கவில்லை. ஹண்டிங்டனோ அவற்றை அறியாமலே, அண்டை வீடுகளைப் பார்த்தே அவ்வுண்மையின் ஒரு கூற்றை எட்டிவிட்டார்!

அவருக்கு முன்பே இந்நோயைக் குறித்தவர்கள் உண்டு. நார்வே நாட்டு மருத்துவர் லுண்ட் 1860இல் எழுதியிருக்கிறார். ஆயினும் இத்துணைச் சுருக்கமும் தெளிவும் பிறரிடம் இல்லை. மருத்துவ மேதை ஆஸ்லர் இதனைப் பெரிதும் பாராட்டினார். நோய்க்கு ஹண்டிங்டன் பெயரே நிலைத்தது.

புகழ் வந்தும் அவர் பதவி நாடவில்லை. 1874இல் நியூயார்க் மாநிலத்து லா கிரேஞ்ச்வில் என்னும் சிற்றூரில் குடியேறி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார். ஆஸ்துமா அவரை வாட்டியது. புல்லாங்குழல் ஊதுவதும், படம் வரைவதும், வேட்டையாடுவதும் அவருக்குப் பொழுதுபோக்கு. 1916 மார்ச் 3 அன்று நிமோனியாவால் காலமானார்.

நிற்க. அறிவு அன்பிலார் கையிற் சிக்கினால் என்ன ஆகும்? 1933இல் ஹிட்லர் ஆட்சி இயற்றிய சட்டம், கட்டாயக் கருத்தடைக்குரிய நோய்களின் பட்டியலில் ஹண்டிங்டன் நோயையும் சேர்த்தது. நோயாளியைக் காக்கப் பிறந்த கட்டுரையின் பெயர், நோயாளியை ஒடுக்கும் பட்டியலில் ஏறியது!

1983இல் குசெல்லாவும் நான்சி வெக்ஸ்லர் அம்மையார் முதலியோரும், வெனிசூலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் உதவியோடு, நோயின் இருப்பிடம் நான்காம் குரோமோசோம் என்று காட்டினர். 1993இல் மரபணுவே அகப்பட்டது. அதில் சி.ஏ.ஜி. என்னும் மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. முப்பத்தைந்து முறை வரை வந்தால் நோயில்லை. நாற்பதும் அதற்கு மேலும் ஆனால், இயல்பான ஆயுளில் நோய் வந்தே தீரும். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பிறவியிலேயே உள்ள பிழை நடுவயதில் ஏன் வெளிப்படுகிறது? ஹண்டிங்டன் கண்ட மூன்றாம் இயல்புக்கு 2025 ஜனவரியில் ஒரு விடை வந்தது. நோயால் மடியும் மூளைச் செல்களில் இத்தொடர் ஆண்டுதோறும் மெல்ல நீள்கிறது. ஏறக்குறைய நூற்றைம்பதைக் கடந்த பின்னரே அச்செல் சீர்கெட்டு மடிகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே இடையில் பல ஆண்டுகள் தடுப்புக்கு அவகாசம் உண்டு என்று நம்ப இடமிருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், மூளையில் செலுத்தும் மரபணு மருந்தொன்று நோயின் வேகத்தைப் பெரிதும் குறைத்ததாக அறிவிப்பு வந்தது. நோயாளிகள் சிலரே, அறுவையோ பல மணி நேரத்தது. எனினும் இருளில் ஒரு விளக்கு அது.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? எல்லா நோயும் இப்படியன்று. நீரிழிவோ, நினைவாற்றலோ, அறிவுக் கூர்மையோ ஒரு மரபணுவின் ஆணையால் அமைவதில்லை. பல மரபணுக்களும் உணவும் சூழலும் கூடி அமைப்பவை அவை. எனவே குடும்பத்தின் ஒரு குறையைச் சுட்டி, அந்த இரத்தமே அப்படித்தான் என்று முத்திரை குத்துவது விஞ்ஞானமன்று. ஹண்டிங்டன் நோயிற்கூட, அது வராத பிள்ளை அச்சமற்றவன் என்று அவரே காட்டிவிட்டார் அன்றோ?

பரிசோதனை இன்று உண்டு. ஆயினும் நோய் வரக்கூடிய நிலையில் உள்ளோரிற் பெரும்பாலோர் அதை நாடுவதில்லை. தீர்வு இல்லாத செய்தியை முன்கூட்டி அறிவதா, வேண்டாவா என்பது அவரவர் உரிமை. தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்த வெக்ஸ்லர் அம்மையார், தமக்கும் அது வந்திருப்பதை 2020இல்தான் உலகறியச் சொன்னார்.

நம் வீடுகளிலோ கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மூளை நோய் என்றால் மட்டும் கதவைச் சாத்தி மறைக்கிறோம். மறைப்பதும் தவறு, பழிப்பதும் தவறு. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, நடை தடுமாறும் ஒருவரைத் தெருவிற் கண்டால், அந்த மரத்தடிப் பாதையில் நின்று பேசிய தந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். மகன் கற்ற முதற்பாடம் அதுவே.