கரண்டியும் மெழுகுவர்த்தியும் வைத்து கிட்னி நோயைக் கண்டுபிடித்தவர்! யார் இந்த ரிச்சர்ட் பிரைட்?

காலையில் எழுந்து பார்த்தால் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். இதைப் பார்த்ததும் இன்றைக்கு நமக்குத் தோன்றுவது, கிட்னியில் ஏதாவது பிரச்சனையோ என்பதுதான். டாக்டரும் முதல் வேலையாக யூரின் டெஸ்ட் எழுதித் தருவார்.

ஆனால் 200 வருஷத்துக்கு முன்னாடி உடல் வீக்கத்துக்கும் கிட்னிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்கள் ரொம்பவே குறைவு. அந்த முடிச்சை ஆதாரத்தோடு போட்டுக் காட்டியவர்தான் இங்கிலாந்து டாக்டர் ரிச்சர்ட் பிரைட். சிறுநீரக மருத்துவத்தின் தந்தை என்று இவரைச் சொல்கிறார்கள். இவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், அது இன்றைக்கு நமக்கு ஏன் முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

பணக்கார வீட்டுப் பிள்ளை, ஊர் சுற்றும் ஆசை

1789 செப்டம்பர் 28, இங்கிலாந்தின் துறைமுக நகரமான பிரிஸ்டலில் பிறந்தார் பிரைட். அப்பா பெரிய வணிகர், வங்கித் தொழிலும் உண்டு. காசுக்குக் குறைவில்லாத குடும்பம்.

1808-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆரம்பத்தில் படித்தது மருத்துவம் இல்லை. தத்துவம், பொருளாதாரம், கணிதம் என்றுதான் தொடங்கினார். அடுத்த வருஷம்தான் மருத்துவத்துக்கு மாறினார்.

படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 1810-ல் ஒரு ஆய்வுக் குழுவோடு ஐஸ்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். எரிமலையும் பனியும் நிறைந்த அந்தத் தீவில் இருக்கும் செடிகள், விலங்குகள் பற்றிக் குறிப்பெடுப்பது அவர் வேலை. பிறகு 1814, 1815-ல் ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். நெப்போலியன் போருக்குப் பிறகு அரசர்கள் கூடி மாநாடு நடத்திய வியன்னாவில் இருந்தார், அங்கிருந்து ஹங்கேரிக்குப் போனார். அந்தப் பயணத்தைத் தன் கையால் வரைந்த படங்களோடு 1818-ல் புத்தகமாகவே போட்டார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்களா? பார்ப்பதை அப்படியே குறித்து வைப்பது, படமாக வரைந்து வைப்பது. இந்த இரண்டு பழக்கமும்தான் பின்னாளில் கிட்னி ஆராய்ச்சியில் அவருக்குக் கை கொடுத்தது.

வீக்கம்தான் நோயா?

லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருக்கிறது கய்ஸ் மருத்துவமனை. ஏழை மக்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1820-ல் பிரைட் அங்கே உதவி மருத்துவராகச் சேர்ந்தார். 1824-ல் முழு மருத்துவர் ஆனார். தாமஸ் அடிசன், தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற இன்னும் இரண்டு பேரும் அதே காலத்தில் அதே மருத்துவமனையில் இருந்தவர்கள். இந்த மூன்று பேர் பெயரிலும் நோய்கள் இருக்கின்றன என்பது மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த வார்டுகளில் கால் வீங்கி, வயிறு உப்பி, மூச்சு வாங்கியபடி வந்து படுப்பவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் இதற்கு டிராப்சி என்று பெயர். நம்ம ஊர் வழக்கில் நீர்க்கோவை என்று சொல்லலாம். அன்றைய டாக்டர்களில் பலர் வீக்கத்தையே ஒரு நோயாகத்தான் நினைத்தார்கள். உடம்பில் நீர் சேர்ந்துவிட்டது, அதை வெளியேற்ற வேண்டும். அதற்காகப் பேதிக்குக் கொடுப்பார்கள், ரத்தத்தை வெட்டி வடிப்பார்கள். வீக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை.

பிரைட் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். வீக்கம் என்பது நோய் இல்லை, உள்ளே இருக்கும் வேறொரு நோயின் அடையாளம் என்றால், அந்த நோய் எந்த உறுப்பில் இருக்கிறது?

கரண்டி டெஸ்ட்: எப்படி வேலை செய்தது?

அவர் கையாண்ட வழி ரொம்ப எளிமையானது. நோயாளியின் சிறுநீரைக் கொஞ்சம் ஒரு கரண்டியில் எடுத்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். சாதாரண சிறுநீர் தெளிவாகவே இருக்கும். ஆனால் வீக்கத்தோடு வந்த சிலருடைய சிறுநீர் சூடேறியதும் வெள்ளையாகத் திரிந்துவிடும்.

ஏன் திரிகிறது? முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் புரதம்தான் காரணம். நம்முடைய ரத்தத்திலும் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்திலேயே தங்க வேண்டிய இந்தப் புரதம் சிறுநீரில் கசிந்து வந்தால், சூட்டில் அதுவும் கெட்டியாகும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிறுநீர் இப்படித் திரிவதை முதலில் பார்த்தவர் பிரைட் இல்லை. இத்தாலியைச் சேர்ந்த கொட்டுன்யோ, இங்கிலாந்தின் வெல்ஸ், பிளாக்கால் ஆகியோர் அவருக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். அப்போ பிரைட்டுக்கு என்ன பெருமை?

அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான். கரண்டியில் சிறுநீர் திரிந்த நோயாளிகள் இறந்துபோனால், அவர்கள் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்து கிட்னியை எடுத்துப் பார்த்தார். அங்கேதான் விடை கிடைத்தது. சிலருக்குக் கிட்னி வெளிறி மஞ்சள் பாரித்திருந்தது. சிலருக்கு மேற்பரப்பு முழுக்க மணல் தூவியது போல் பொரிப்பொரியாக இருந்தது. சிலருக்குச் சுருங்கி, கல் போல் இறுகியிருந்தது.

வீங்கிய உடல், திரியும் சிறுநீர், கெட்டுப்போன கிட்னி. இந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று 1827-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அவர் எழுதினார். கெட்டுப்போன கிட்னிகளின் வண்ணப் படங்களும் அதில் இருந்தன. கேமரா இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

ரத்தத்தில் யூரியா, இதயத்தில் வீக்கம்

இந்த ஆராய்ச்சியில் பிரைட்டுக்குத் துணையாக இருந்தவர் ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர், வேதியியலில் கெட்டிக்காரர். நோயாளிகளின் ரத்தத்தையும் சிறுநீரையும் அவர் சோதித்துக் கொடுத்தார். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் குறைந்திருந்தது. சிறுநீரில் போக வேண்டிய யூரியா அங்கே குறைந்து, அதே போன்ற பொருள் ரத்தத்தில் தென்பட்டது. அதாவது, உள்ளே இருக்க வேண்டியது வெளியே போகிறது, வெளியே போக வேண்டியது உள்ளே தங்குகிறது.

இன்றைக்கு லேப் ரிப்போர்ட்டில் பிளட் யூரியா என்று ஒரு வரி வருகிறதே, அந்தச் சோதனையின் தொடக்கம் இங்கேதான்.

1836-ல் இன்னொரு பெரிய வேலை செய்தார். 100 நோயாளிகளின் விவரங்களை ஒரே அட்டவணையில் அடுக்கினார். அப்படி அடுக்கியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கிட்னி கெட்டுப்போன பலருக்கு இதயத்தின் தசையும் தடித்திருந்தது. வால்வில் கோளாறு இல்லாதவர்களுக்கும் அப்படி இருந்தது.

கிட்னிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? கெட்டுப்போன ரத்தம் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைப் பாதித்து, அதன் வழியாக ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டி வந்திருக்கலாம் என்று யோசித்தார் பிரைட். ரத்த அழுத்தம் என்று இன்று நாம் சொல்வதைத்தான் அவர் தொட்டிருக்கிறார். கையில் பட்டை கட்டி பிபி பார்க்கும் கருவி 1896-ல்தான் வந்தது. பிபி கருவி இல்லாமலேயே, 60 வருஷத்துக்கு முன்பு, பிபியின் வாசல் வரைக்கும் போய்விட்டார் மனுஷன்.

கிட்னிக்காகவே தனி வார்டு

1842-ல் கய்ஸ் மருத்துவமனையில் ஒரு புது முயற்சி நடந்தது. கிட்னி நோயாளிகளுக்காக மட்டும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு வார்டுகள், மொத்தம் 42 படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. பக்கத்திலேயே சோதனைக்கூடம், டாக்டர்கள் கூடிப் பேச ஒரு அறை. சுமார் ஆறு மாதம் இது நடந்தது. ஒரே நோயை ஒரு குழுவாகச் சேர்ந்து ஆராயும் இன்றைய முறைக்கு இது முன்னோடி என்கிறார்கள்.

சொந்த வாழ்க்கையில் அடிகள்

புகழ் வந்த அளவுக்குச் சோகமும் இருந்தது. 1822-ல் மார்த்தாவைத் திருமணம் செய்தார். அவர் கய்ஸ் மருத்துவமனையின் மூத்த மருத்துவர் வில்லியம் பாபிங்டனின் மகள். அடுத்த வருஷமே, குழந்தை பிறந்த சில நாட்களில் மார்த்தா இறந்துபோனார். 1826-ல் எலைசா ஃபாலெட்டை மறுமணம் செய்துகொண்டார். கிட்னி பற்றிய அந்தப் பெரிய புத்தகம் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

1837-ல் விக்டோரியா மகாராணியின் மருத்துவர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார். லண்டனில் கைராசிக்கார டாக்டர் என்று பெயர் எடுத்தார். 1858 டிசம்பர் 16-ல், 69 வயதில் இறந்தார். கிட்னியால் இல்லை, இதய வால்வு நோயால். உடம்புக்குள் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று வாழ்ந்தவர். அவருடைய உடலிலும் பிரேதப் பரிசோதனை செய்துதான் இதய வால்வு இறுகிப்போயிருந்ததை உறுதிப்படுத்தினார்கள்.

கண்டுபிடித்தார், குணமாக்க முடிந்ததா?

முடியவில்லை. இதுதான் இந்தக் கதையின் வலிக்கிற பகுதி. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், பிரைட்டின் கையில் இருந்தது அதே பழைய பேதி மருந்தும், ரத்தம் வடிப்பதும், சூடான கம்பளித் துணியும்தான். குளிர், குடி, ஸ்கார்லெட் காய்ச்சல் ஆகியவற்றைக் காரணமாகச் சந்தேகித்தார். ஆனால் முற்றிய நோயைத் திருப்ப வழி இல்லை.

அந்த வழி பிறக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1943-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் டயாலிசிஸ் இயந்திரத்தை நோயாளிக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். 1945-ல்தான் அந்த இயந்திரத்தால் ஒரு நோயாளி உயிர் பிழைத்தார். 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், இரட்டையர்களில் ஒருவரின் கிட்னியை இன்னொருவருக்குப் பொருத்தியது வெற்றி பெற்றது.

பிரைட்ஸ் நோய் என்ற பெயரும் இப்போது வழக்கத்தில் இல்லை. அவர் ஒரே நோய் என்று நினைத்தது, பல நோய்களின் தொகுப்பு என்று பிறகு தெரியவந்தது. கிட்னியின் வடிகட்டிகளில் வரும் அழற்சி, சர்க்கரை நோயால் வரும் பாதிப்பு, உயர் ரத்த அழுத்தத்தால் வரும் பாதிப்பு என்று அது பிரிந்துவிட்டது. நாள்பட்ட கிட்னி செயலிழப்புக்கு இன்று உலகம் முழுக்க முக்கியக் காரணம், சர்க்கரையும் பிபியும்தான்.

இன்றைக்கும் அதே டெஸ்ட்தான்!

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் போலத்தான், மீதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். வடிகட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதானாலும் மற்றவை வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிடும். அதனால் வலி தெரியாது. கிரியாட்டினின் அளவு தெளிவாக ஏறுவதற்குள் பலருக்குக் கிட்னியின் திறனில் பாதி போயிருக்கும். வீக்கமும் பலருக்குத் தாமதமாகத்தான் வரும்.

ஆனால் அதற்கு முன்பே எட்டிப் பார்க்கும் அறிகுறி ஒன்று உண்டு. சிறுநீரில் ஆல்புமின். சர்க்கரையால் வரும் கிட்னி பாதிப்பில் பெரும்பாலும் முதலில் தெரிவது இதுதான். அன்றைக்குக் கரண்டியும் மெழுகுவர்த்தியும். இன்றைக்கு நிறம் மாறும் ஒரு சின்னப் பட்டை, அல்லது லேபில் ஒரு யூரின் டெஸ்ட். தேடுவது அதே புரதத்தைத்தான்.

யார் செய்துகொள்ள வேண்டும்?

* சர்க்கரை, பிபி இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது யூரின் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

* குடும்பத்தில் யாருக்காவது கிட்னி நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லி டெஸ்ட் எடுங்க.

* சிறுநீர் தொடர்ந்து நுரைத்துக்கொண்டே இருந்தால் அலட்சியம் வேண்டாம். எல்லா நுரையும் நோய் இல்லை, ஆனால் டெஸ்ட் செய்தால்தான் தெரியும்.

* வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நாள் கணக்கில் விழுங்குவது கிட்னிக்கு ஆகாது.

பிரைட்டின் நோயாளிகளுக்கு நோய் தெரிந்தபோது மருந்து இல்லை. நமக்கு நிலைமை அப்படி இல்லை. சீக்கிரம் தெரிந்தால் சர்க்கரையையும் பிபியையும் கட்டுக்குள் வைத்து, மருந்து மாத்திரை எடுத்து, டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் பல வருஷம் தள்ளிப்போட முடியும், சிலருக்குத் தவிர்க்கவும் முடியும். அதற்குத் தேவை, ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் சிறுநீர். அவ்வளவுதாங்க.