திண்டிவனத்தில் ஓர் இரவு

விழுப்புரத்திலிருந்து சென்னை செல்லும் நாம் திண்டிவனத்தைக் கடந்துதான் போகிறோம். மருத்துவர் ஐடா ஸ்கடரின் வாழ்வு திசைமாறியது இந்த ஊரில்தான்.

1870-இல் இராணிப்பேட்டையில், அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா. இந்தியாவில் தங்கிவிட அவருக்கு விருப்பமில்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கவே 1890-இல் திண்டிவனம் வந்தார். ஓர் இரவு, பிரசவத்தில் துடிக்கும் மனைவியரைக் காப்பாற்றக் கேட்டு மூன்று கணவர்கள் அடுத்தடுத்து அவரிடம் வந்தார்கள். ஒருவர் முஸ்லிம், இருவர் இந்துக்கள். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லும்படி ஐடா வேண்டினார். அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்க்கலாகாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்தக் கணவர்களைப் பழித்துவிட்டு ஐடா தம் வழியே போயிருக்கலாம். ஆனால் அவர்களும் அன்பில்லாதவர்கள் அல்லர். உதவி தேடி இரவில் ஓடிவந்தவர்கள். அந்த வீடுகளுக்குள் நுழையக்கூடிய மருத்துவராகத் தாமே மாற ஐடா முடிவுசெய்தார். அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. அதுவே இன்றைய சி.எம்.சி. 1960-இல் ஐடா மறைந்தார்.

நம் வழக்கங்களுக்கு மாறாக வாழும் குடும்பம் நம் தெருவிலும் உண்டு. அவர்களைக் குறைகூறுமுன், அவர்கள் வீட்டுக் கதவு திறக்க நாம் எப்படி மாறவேண்டும் என்று சிந்திப்போமா?