வ.வே.சு. ஐயரும் சேரன்மாதேவிக் குருகுலமும்

சௌல்தாரியிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் மாணவர்கள் செல்லுலார் சிறையைக் காணாமல் திரும்புவது அரிது. ஏழு சிறகுகளுடன் கட்டப்பெற்ற அக்கட்டடத்தில் இன்று மூன்று சிறகுகளே எஞ்சியுள்ளன. 1911ஆம் ஆண்டு அங்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளுள் விநாயக தாமோதர சாவர்க்கர் ஒருவர். அதற்குமுன் அவர் இலண்டன் மாநகரில் இந்திய மாணவர்களுக்கென அமைந்த ஓர் இல்லத்தில் வாழ்ந்தவர். அதே இல்லத்தில் அவருடன் வாழ்ந்த தமிழர் ஒருவரையும் ஆங்கில அரசு பிடிக்க முயன்றது. அவரோ காவலர் கையில் அகப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் தாமிரபரணிக் கரையில் ஓர் உறைவிடக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அவரே வ.வே.சு. ஐயர்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்பது அவரது முழுப்பெயர். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடேச ஐயர். தாயார் காமாட்சி அம்மாள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அங்கு இலத்தீன் மொழியையும் கற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று சில காலம் திருச்சியில் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தார். அக்காலத்தில் தமிழர் பலர் பிழைப்பு நாடிக் கப்பலேறிச் சென்ற ஊர்களுள் பர்மாவின் இரங்கூனும் ஒன்று. ஐயரும் அங்குச் சென்று ஓர் ஆங்கில வழக்கறிஞரிடம் பணியாற்றினார். பாரிஸ்டர் பட்டம் பெற்றால் தொழில் மேலும் உயரும் என்னும் எண்ணத்துடன் 1907ஆம் ஆண்டு இலண்டன் சேர்ந்து, ‘லிங்கன்ஸ் இன்’ என்னும் சட்டக் கழகத்தில் மாணவராகப் பதிந்துகொண்டார். அதுவரை அவர் வாழ்க்கை படித்த இளைஞர் பலரின் வாழ்க்கையைப் போன்றதே.

இலண்டனில் அதனை மாற்றியது ஒரு வீடு.

அந்நகருக்குப் படிக்க வந்த இந்திய மாணவர்களுக்குத் தங்குமிடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. நிறத்தைக் கண்டவுடன் கதவை அடைத்த வீட்டுக்காரர்கள் பலர். இந்தக் குறையை உணர்ந்த சியாம்ஜி கிருஷ்ணவர்மா என்னும் குசராத்தி அறிஞர், ஹைகேட் பகுதியில் குரோம்வெல் அவென்யூ என்னும் தெருவில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். ‘இந்தியா ஹவுஸ்’ எனப் பெயரிடப்பட்ட அவ்வில்லம் 1905ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து மாணவர் தங்குவதற்கு அங்கு இடம் இருந்தது. நூலகமும் படிப்பறையும் சொற்பொழிவுக் கூடமும் இருந்தன. படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் ஏற்பாட்டையும் கிருஷ்ணவர்மா செய்திருந்தார். அதனைப் பெறுவோர் ஆங்கில அரசின்கீழ் எந்தப் பதவியையும் ஏற்பதில்லை என உறுதி கூறவேண்டும். உண்ணவும் உறங்கவும் மட்டும் ஏற்பட்ட விடுதி அன்று அது என்பதற்கு அந்த நிபந்தனை ஒன்றே சான்று.

இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரே துறையிலோ ஒரே கருத்திலோ நாட்டமுடைய மாணவரை ஒரே கூரையின்கீழ்த் தங்கச் செய்கின்றனர். சுற்றுச்சூழலுக்கு ஓர் இல்லம், மொழிகளுக்கு ஓர் இல்லம், இசைக்கு ஓர் இல்லம் என அவை அமைகின்றன. வகுப்பில் தொடங்கிய பேச்சு உணவு மேசையிலும் தொடரும். அதனால் கல்வி ஆழப்படும் என்பது அவற்றின் அடிப்படை. இந்தியா ஹவுஸ் இல்லத்திற்கும் அத்தகைய பொருள் ஒன்று உண்டு. நாட்டின் விடுதலையே அப்பொருள். மருத்துவம், சட்டம், பொறியியல் எனப் பகலில் வெவ்வேறு பாடங்களைப் பயின்ற இளைஞர்கள் மாலையில் அங்குக் கூடி இந்திய வரலாற்றையும் அயல்நாடுகளின் விடுதலைப் போர்களையும் ஆராய்ந்தனர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் நடந்தது.

ஐயர் இவ்வில்லத்துக்கு வந்தபோது சாவர்க்கர் அங்கு முன்னணியில் இருந்தார். திருச்சியைச் சேர்ந்த மருத்துவர் தி.சே.சௌ. ராஜன், மண்டயம் திருமலாசாரியார் முதலிய தமிழகத்தாரும் அங்கு இருந்தனர். மராட்டியர், பஞ்சாபியர், வங்காளியர், தமிழர் என எல்லாரும் ஒரே அடுக்களையில் சமைத்ததை ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். எவர் எச்சாதியினர் என்று அங்கு வினவுவார் இல்லை. சாதிக்கொரு பந்தி என்பது பெரிதும் பழகியிருந்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று. ஐயரின் பிற்கால வாழ்வை அறிந்தவர்கள் இந்த மேசையை மறத்தல் இயலாது.

அங்கிருந்தபடியே ஐயர், பாரதியார் ஆசிரியராக விளங்கிய ‘இந்தியா’ இதழுக்கு இலண்டன் கடிதங்கள் எழுதிவந்தார். 1857ஆம் ஆண்டுப் போரைப் பற்றிச் சாவர்க்கர் மராத்தியில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியிலும் முதன்மையான பங்கு கொண்டார். 1909ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், மதன்லால் திங்கரா என்னும் மாணவர் கர்சன் வைலி என்னும் ஆங்கில அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். திங்கரா தூக்கிலிடப்பட்டார். இல்லத்தின்மீது காவலரின் கண் இடைவிடாது படிந்தது. விரைவில் அது மூடப்பட்டது. நான்கே ஆண்டுகள் நடந்த இல்லம் அது. கற்றலுக்கெனக் கூடிய இளைஞரை அது வெடிமருந்தின் பக்கமும் அழைத்துச் சென்றது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

ஐயர் சட்டத் தேர்வில் வெற்றி பெற்றார். ஆயினும், பாரிஸ்டர் பட்டம் பெறுவோர் ஆங்கில மன்னருக்கு எடுக்கவேண்டிய உறுதிமொழியை எடுக்க மறுத்துவிட்டார். எந்தப் பட்டத்திற்காகக் கடல் கடந்தாரோ அதனையே வேண்டா என்று துறந்தார். 1910இல் சாவர்க்கர் கைது செய்யப்பட்டபின் ஐயரைப் பிடிக்கவும் ஆணை பிறந்தது. அவர் சீக்கியர் வேடம் பூண்டு தப்பினார். வழியில் கப்பலில், அவர் பெட்டியின்மேல் இருந்த வ.வே.சு. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைக் கண்டு ஐயுற்ற ஒற்றர் ஒருவரிடம், அவை வீர் விக்கிரம் சிங் என்னும் தம் பெயரைக் குறிப்பவை என்று கூறி நழுவினார் என அவர் வரலாற்றை எழுதியோர் உரைப்பர். பல நாடுகளைக் கடந்து, அவ்வாண்டின் இறுதிக்குள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் முன்னமே அங்கு இருந்தனர்.

புதுச்சேரியில் கழிந்த பத்தாண்டுகள் வறுமையும் ஒற்றர் தொல்லையும் நிறைந்தவை. ஐயரோ அவற்றை நூற்பணிக்கு உரியவை ஆக்கிக்கொண்டார். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டார். ஒரு மரமே கதை சொல்வதாக அமைந்த ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் சிறுகதையை எழுதினார். தமிழின் முதற் சிறுகதைகளுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் அளித்தார். ‘கம்ப நிலையம்’ என்னும் பெயரில் நூல்களைப் பதிப்பித்தார்.

முதல் உலகப் போர் முடிந்தபின் பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. 1920இல் ஐயர் தாயகம் திரும்பினார். ஒரு காலத்தில் துப்பாக்கியை நம்பிய அவர், இப்போது காந்தியடிகளின் அறவழியை ஏற்றிருந்தார். ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர் ஆனார். அதில் வெளிவந்த கட்டுரைக்காக அரசு அவரை ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறையில் அடைத்தது. அச்சிறையில் அமர்ந்து அவர் கம்பராமாயணத்தை ஹோமர், மில்ட்டன் முதலிய மேலைப் பெருங்கவிஞர்களின் காவியங்களோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

சிறையிலிருந்து வெளிவந்தவர் உள்ளத்தில் கல்வியே முதலிடம் பெற்றிருந்தது. ஆங்கில அரசின் பள்ளிகள் எழுத்தரையே உருவாக்கின. தாய்மொழி அங்குப் புறக்கணிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 1922இல் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில் அவர் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். பின்னர் அது அருகிலுள்ள சேரன்மாதேவிக்கு மாறியது. தமிழ்க் குருகுலம் என்றும், பாரத்துவாச ஆசிரமம் என்றும் அது வழங்கப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் உடன் உறைந்து கற்பது அதன் அமைப்பு. தமிழே பயிற்றுமொழி. இலக்கியத்தோடு அறிவியலும், ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உடற்பயிற்சியும் கற்பிக்க எண்ணினர். ‘பாலபாரதி’ என்னும் இதழும் அங்கிருந்து வெளிவந்தது. இங்குப் பயின்றோர் சிறுவர். இலண்டனில் பயின்றோர் பல்கலைக்கழக இளைஞர். எனினும், ஒரு குறிக்கோளை நடுவில் வைத்து ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து கற்பது என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

இத்தகைய முயற்சிக்குப் பொருள் வேண்டும். தமிழ்நாடு காங்கிரசுக் குழு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதலில் ஐயாயிரம் ரூபாய் வழங்கியது. எல்லாச் சாதியினரும் கொடுத்த பொதுப்பணம் அது. குருகுலத்திலும் பல சாதிச் சிறுவர் பயின்றனர்.

ஆனால் அங்கு உணவு வேளையில் ஒரு வேற்றுமை நிலவியது. பார்ப்பனச் சிறுவர் இருவர் மட்டும் ஏனையோருடன் அமராமல் தனியே உண்டனர். அச்சிறுவரின் பெற்றோர் வேண்டிக்கொண்டதற்கு இணங்கி ஐயர் இவ்வாறு வாக்களித்திருந்தார். அங்குப் பயின்றவர்களுள் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகனும் ஒருவர். உணவிலும் குடிநீரிலும் வேறுபாடு காட்டப்படுவதை அவர் தம் தந்தையாரிடம் கூறினார். செய்தி பெரியார் ஈ.வெ. இராமசாமிக்கும் மருத்துவர் பெ. வரதராசுலு நாயுடுவுக்கும் எட்டியது. அப்போது பெரியாரும் காங்கிரசில் இருந்தார். எஞ்சிய ஐயாயிரம் ரூபாயைத் தருவதற்கு அவர் உடன்படவில்லை. வரதராசுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் இதனை எழுதினார். நாடெங்கும் வாதம் எழுந்தது.

விடுதலை வேண்டும் எனக் கேட்பவர்கள் தம் பிள்ளைகளை ஒரே பந்தியில் அமர்த்தமாட்டார்களா என்பதே அனைவரும் எழுப்பிய வினா. வாக்களித்த இரு சிறுவர் விலகும்வரை பொறுத்திருங்கள். இனிச் சேர்வோர் எல்லாரும் ஒன்றாக உண்ண ஏற்பாடு செய்யலாம் என்பது ஐயர் தரப்பின் விடை. காந்தியடிகளிடமும் வழக்குச் சென்றது. ஏறத்தாழ அதே கருத்தையே அவரும் கூறினார். கொடுத்த வாக்கைக் காப்பது நல்லோர் இயல்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தனியே உண்ட இருவருக்குக் கொடுத்த வாக்கு, தள்ளி அமர்த்தப்பட்ட மற்ற அனைவரின் மனத்தையும் எண்ணாமல் கொடுத்த வாக்கு ஆகும். ஹைகேட் இல்லத்து மேசையில் எல்லாருடனும் அமர்ந்து உண்ட ஒருவர், தம் சொந்த நிலையத்தில் இதற்கு இடம் கொடுத்தது வியப்பையே தருகிறது.

1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரசுக் குழு திருச்சியில் கூடியது. தேசிய இயக்கத்தில் பங்கு கொள்ளும் எந்த நிறுவனத்திலும் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டுதல் கூடாது எனத் தீர்மானம் நிறைவேறியது. அதனை ஏற்காமல் இராசாசி உள்ளிட்ட சிலர் குழுவிலிருந்து விலகினர். பிளவு அத்துடன் ஆறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பின்னர்ப் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழகத்தின் பிற்கால அரசியல் ஒரு குருகுலத்துப் பந்தியிலிருந்து கிளைத்தது என்று கூறுவோரும் உளர்.

இந்தப் பூசலின் முடிவைக் காண ஐயர் உயிருடன் இல்லை. 1925 ஜூன் தொடக்கத்தில் அவர் குருகுல மாணவர்களை அழைத்துக்கொண்டு பாபநாசம் மலையருவிக்குச் சென்றார். மகள் சுபத்திராவும் மகன் கிருஷ்ணமூர்த்தியும் உடன் சென்றனர். அருவியின் மேற்புறத்தில் ஓடையைத் தாண்ட முயன்ற சுபத்திரா கால் தவறி நீரில் விழுந்தாள். மகளைக் காக்க ஐயரும் நீரில் பாய்ந்தார். வெள்ளத்தின் வேகம் இருவரையும் இழுத்துச் சென்றது. அப்போது ஐயருக்கு வயது நாற்பத்து நான்கு.

நிறுவியவர் மறைந்தபின் குருகுலமும் தழைக்கவில்லை. பெல்லாரிச் சிறையில் அவர் எழுதிய கம்பராமாயண ஆராய்ச்சி பல ஆண்டுகள் அச்சேறாமலே கிடந்தது. 1950ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டவர்கள், தமிழகத்தை விட்டுத் தொலைவில் சென்று குடியேறிய தமிழர்கள். டெல்லித் தமிழ்ச் சங்கத்தார் அதனைப் பதிப்பித்தனர்.