செடிகளுக்கு நாடி பார்த்தவர்

பெண்ணாடத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வாசலில் பளபளக்கும் பீங்கான் தொட்டி. பக்கத்து ஊரான விருத்தாசலம்தான் பீங்கானுக்குப் பேர்போனதாயிற்றே! தொட்டியில் ஒரு ரோஜாச் செடி. சில நாட்களாக அதன் இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன. தாகமோ என்று நினைத்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடி இன்னும் வாடுகிறது. அதற்கு என்னதான் நோவு? வாய் இருந்தால் சொல்லியிருக்கும்!

வாயில்லாத செடிகளைத் தங்கள் நிலையைத் தாங்களே எழுதிக் காட்ட வைத்தார் ஒருவர். அவர்தான் இந்திய விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவார்கள். போஸின் அப்பாவோ, மகன் முதலில் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று விரும்பினார். வங்காளிப் பள்ளியில் உழவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு போஸ் உட்கார்ந்தார். பறவைகள், விலங்குகள், மீன்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை வியப்போடு கேட்டார். இயற்கை மீது ஆசை அங்கேதான் முளைவிட்டது.

டாக்டராக வேண்டும் என்று லண்டன் சென்றார். ஆனால், ஏற்கெனவே தொற்றியிருந்த காய்ச்சல் அவரை விடவில்லை. மருத்துவப் படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். மனிதர்களுக்கு நாடி பார்க்க முடியாமல் போனவர், பின்னாளில் செடிகளுக்கு நாடி பார்த்தார்!

1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தார்கள். அந்தச் சம்பளமே வேண்டாம் என்று மூன்று ஆண்டுகள் பணம் வாங்காமலே பாடம் நடத்தினார். கடைசியில் அரசு இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது.

முதலில் மின்காந்த அலைகளை ஆராய்ந்த போஸ், பிறகு செடிகள் பக்கம் திரும்பினார். உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டே நுட்பமான கருவிகளைச் செய்தார். ஒரு கருவியில் புகைக்கரி படிந்த கண்ணாடித் தட்டு இருக்கும். தொட்டாற்சுருங்கியின் இலை அசையும்போது, அதனோடு இணைந்த மெல்லிய கம்பி அந்தக் கரியின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போகும். கிரெஸ்கோகிராஃப் என்ற இன்னொரு கருவி, செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டியது.

கருவிகள் சொன்ன செய்திகள் சுவையானவை. தண்ணீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய தொட்டாற்சுருங்கி மந்தமாகிவிட்டது. நீரை உறிஞ்சும் கிளிசரினைப் பயன்படுத்தி அதிகப்படி நீரை வெளியேற்றியதும், அதன் உணர்ச்சி திரும்பியது. மயக்க மருந்தின் ஆவி பட்ட செடி அசையாமல் போனது. நல்ல காற்று பட்டதும் மீண்டது. சில ரசாயனங்கள் சிறிதளவு கொடுத்தால் வளர்ச்சியைத் தூண்டின. அளவு மிஞ்சினால் தடுத்தன. கண்ணாடிக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த செடி, பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தும் உணர்ச்சி குன்றியிருந்தது.

இதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. 1901-ல் லண்டனில் பெரிய விஞ்ஞானிகள் சிலர் எதிர்த்தார்கள். அவரது கட்டுரை அச்சேறாமல் நின்றது. போஸ் சோர்ந்துவிடவில்லை, கருவிகளை மேலும் செம்மைப்படுத்தினார். 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-ல் லண்டனில் விஞ்ஞானிகள் கண்முன்னே கிரெஸ்கோகிராஃபை இயக்கிக் காட்டினார். அது சரியாகவே அளக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டில் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

செடிகளுக்கும் நம்மைப் போல நரம்புகள் உண்டு என்ற அவர் கருத்தை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. ஆனால், செடிகளுக்குள் மின் சைகைகள் ஓடுகின்றன என்பது இன்று உறுதியாகியிருக்கிறது.

1937 நவம்பர் 23 அன்று கிரிடி என்ற ஊரில் போஸ் காலமானார்.

சரி, நம் ரோஜாச் செடிக்கு வருவோம். போஸின் கருவி நம்மிடம் இல்லை. விரல் இருக்கிறதே! மண்ணுக்குள் ஒரு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மண் தொட்டியைப் போலப் பளபளப்பான பீங்கான் தொட்டியின் சுவர் வழியே ஈரமும் காற்றும் போய்வராது. ஓட்டையும் இல்லாவிட்டால் நீர் தேங்கி, வேர் மூச்சுத் திணறும். இலை வாடுவது தாகத்தால் மட்டுமல்ல. தண்ணீர் மிஞ்சினாலும் வாடும்.

வாடிய செடியைக் கண்டதும் வாளியைத் தூக்காதீர்கள். முதலில் போஸைப் போல அதனிடமே கேட்டுப் பாருங்கள்!